உள்ளே ஒன்றும் இல்லாத ஃபோல்டர்

எனக்கு இரண்டு வேலை. ஒன்றுக்குச் சம்பளம் உண்டு. மற்றது காக்கா பிடித்துத் தந்தது.

சம்பளம் உள்ள வேலை, கற்பிட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கதிரையில் இருந்துகொண்டு கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு நிரல் எழுதுவது. காலையில் குந்தினால் பின்னேர அசர் தொழுகைக்குத்தான் முதுகு நிமிரும். பிறகு பிள்ளைகளின் பாடம், உம்மாவின் மருந்து, இரவுச் சாப்பாடு. களைப்பு எனக்கு ஒரு நோய் மாதிரி இல்லை, வீட்டில் இருக்கும் இன்னோர் ஆள் மாதிரி. காலையில் எனக்கு முதல் எழும்பிவிடும்.

இந்த இலட்சணத்தில்தான் என் மூத்த சகோதரர், அதாவது காக்கா, மீனவர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். காக்காவுக்கு அந்த நெய் என்னுடைய நேரம். கூட்டத்தில் எழும்பி நின்று, என்னிடம் ஒரு சொல் கேட்காமல், "என்ட தங்கச்சி கம்பியூட்டர்ல பெரிய ஆள். அவ செஞ்சி தருவா" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து என் முகத்தைப் பார்க்காமல் பிளேன்டீ கேட்டார்.

விஷயம் கடற்கரை பற்றியது. எங்கள் கரையில் வரிசையாக வாடிகள் இருக்கின்றன. கம்பு நட்டு, ஓலையும் தகரமும் அடித்த குடில்கள். வலை, எஞ்சின், கருவாட்டுக்கு உப்பு எல்லாம் அதற்குள்தான். தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று தொடங்கினால் கடல் பொல்லாததாகிவிடும். உள்ளூர்க்காரர்கள் அந்த மாதங்களில் கடலோர ஏரியான களப்புக்குள் தொழில் செய்துகொண்டு வாடியை அப்படியே வைத்திருப்பார்கள். அதே சோளகத்தில்தான் வெளிநாட்டுக்காரர்கள் பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு, பலகையில் ஏறித் தண்ணீரில் பாய வருவார்கள். அவர்களுக்கும் கரை வேண்டும். எந்தத் துண்டு வாடிகளுக்கு, எந்தத் துண்டு பட்டக்காரர்களுக்கு என்று பிரித்துக் கல் நடுவதற்கு வெளியில் இருந்து ஒரு குழு வரப்போவதாகச் சொன்னார்கள். வருவதற்கு முன்னால் யார் யாருடைய வாடி எங்கே என்று காட்டும் ஒரு வரைபடம் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். அதைத்தான் நான் செய்து தர வேண்டியிருந்தது.

முன்பெல்லாம் சிலாபப் பக்கத்தில் இருந்து நிறையக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பருவத்துக்கு இங்கே வரும். சோளகம் தொடங்க வாடியைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவார்கள், காற்று அடங்கத் திரும்பி வந்து அதே இடத்தில் அடிப்பார்கள். இப்போது அந்த வழக்கத்தில் மிஞ்சியிருப்பது ஓர் அக்காவின் குடும்பம் மட்டும். மற்றவர்கள் தொழிலை விட்டார்கள், அல்லது இங்கேயே குடியேறினார்கள். அக்காவின் புருஷனுக்கு நடக்க ஏலாது. மகன்மார் கடலுக்குப் போவார்கள், அக்கா கருவாடு போடுவார். அவருடைய கட்டாக் கருவாடு எங்கள் வீட்டில் தீர்ந்தால் உம்மா சண்டைக்கு வந்துவிடுவார்.

அக்காவின் இடத்தை, அவர் இல்லாத மாதங்களில், ஒருவரும் தொடமாட்டார்கள். வலை காயப்போட மாட்டார்கள், படகு ஏற்ற மாட்டார்கள். இரண்டு பக்கத்து வாடிக்காரர்களும் முஸ்லிம்கள். அவர்களுக்கு இடநெருக்கடி கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் நடுவில் அந்த மணல் வெறுமையாகவே கிடக்கும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, எங்கள் கரையின் மரியாதை அவ்வளவுதான்.

நான் மன்னாரில் பிறந்தவள். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது வாப்பாவும் உம்மாவும் என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். இடம், காணி, உறுதி, எல்லை என்ற கதைகளைக் கேட்டே வளர்ந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் கதைகள் அலுத்துவிட்டன. ஆகையால் இந்த வரைபட வேலையை நான் ஓர் இலட்சியத்தோடு தொடங்கவில்லை. காக்காவின் தொல்லை தாங்காமல் தொடங்கினேன்.

எனக்குத் துணையாக ஒரு மாஸ்டர் கிடைத்தார். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிப்பவர், கரையோரக் கத்தோலிக்கக் குடும்பத்து மனிதர், தங்கமான குணம். அவர் வாடி வாடியாகப் போய்ப் படங்களும் படகுப் பத்திரங்களும் சேர்ப்பார், நான் அவற்றை ஒழுங்கு செய்வேன். ஒவ்வொரு வாடிக்கும் ஒரு ஃபோல்டர். வாடி நிற்கும் இடத்தை ஃபோல்டரின் பெயரிலேயே குறித்திருந்தேன். எத்தனை ஃபோல்டர் இருக்கிறதோ அத்தனை புள்ளிகள் வரைபடத்தில் தானாக விழும். புள்ளியைத் தொட்டால் உள்ளே இருக்கும் படங்கள் திறக்கும்.

இருவரும் இரண்டு கணினிகளில் வேலை செய்வதால் எல்லாவற்றையும் 'கிட்' என்ற மென்பொருளில் வைத்தோம். எங்கள் தொழிலில் அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. யார், எப்போது, எந்த ஃபைலை மாற்றினார்கள் என்று அது ஞாபகம் வைத்திருக்கும். ஆனால் புதிய ஃபைல் ஒன்றை அதுவாகவே எடுத்துக்கொள்ளாது. இதைச் சேர் என்று நாம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு இரண்டு வழி பழக்கத்தில் உண்டு. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் பெயருக்குப் பதிலாக ஒரு புள்ளியைப் போட்டுவிட்டால் அங்கே கிடக்கிற எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

மாஸ்டர் புள்ளிக்காரர். அதற்கு நான் கரைவலை என்று பெயர் வைத்தேன். கரைவலையை இழுத்தால் மீன் மட்டுமா வரும்? சொறிமுட்டை, பாசி, தண்ணீர்ப் போத்தல், யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு எல்லாம் வரும். மாஸ்டரின் புள்ளியிலும் அப்படித்தான் வந்தது. அவருடைய மகள் தேவாலயத்தில் புது நன்மை வாங்கிய படங்கள், அவருடைய சீனி வருத்தத்து இரத்தப் பரிசோதனை, எல்லாவற்றுக்கும் மேலே பத்தாம் வகுப்பின் தவணைப் பரீட்சை வினாத்தாள். சங்கத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று நாங்கள் வைத்திருந்த இடத்தில் அது இரண்டு நாட்கள் கிடந்தது. பத்தாம் வகுப்புக்கு அந்த முறை நல்ல யோகம்.

"நான் கெதியா முடிக்கத்தானே பாத்தன், மிஸ்" என்றார் மாஸ்டர். வயதில் என்னைவிட மூத்தவர், ஆனால் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்.

"கெதியா முடிஞ்சிதானே, மாஸ்டர்? இனி நீங்க புதுப் பேப்பர் ஒண்டு எழுதணும். அழிச்சிட்டாலும் இது மறக்காது. பழசெல்லாம் உள்ளுக்குள்ள இரிக்கும்."

அதைத் துடைத்தெடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. அன்று எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தில் ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் கரைவலை கிடையாது. எந்த ஃபைலாக இருந்தாலும் பெயர் சொல்லித்தான் சேர்க்க வேண்டும். எந்த வாடிக்கு எந்தப் படம் என்பதையும் அந்தந்தக் குடும்பம்தான் தெரிவு செய்து தர வேண்டும். மாஸ்டர் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு ஒரு தவறும் நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் சேர்ப்பதற்கு முன்னால் என்னென்ன காத்துக்கொண்டிருக்கின்றன என்று கிட்டிடம் கேட்போம், அது சொல்லும், நாங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். கண் எரியும் வேலை, ஆனால் சுத்தமான வேலை.

அக்காவின் வாடிக்கும் ஃபோல்டர் திறந்தேன். உள்ளே போட ஒன்றும் இல்லை. அப்போது சோளகம், அவர் ஊரில். தொலைபேசியில் கேட்டேன்.

"காயிதம் ஒண்டும் இல்ல தங்கச்சி. போட் பத்திரம் இந்தப் பக்கத்து ஓபீஸ்ல பதிஞ்சது, அதுல கற்பிட்டி எண்டு இல்ல. கூட்டத்துக்கு வாறன்தானே, வந்து கதைப்பம்."

"போட்டோ ஒண்டாவது, அக்கா? வாடியில நிக்கிற மாதிரி?"

அவர் சிரித்தார். "கருவாடு திருப்புற நேரம் யாரு போட்டோ புடிக்கிறது தங்கச்சி?"

வெறும் மணலையாவது படம் எடுத்துப் போடலாமா என்று மாஸ்டர் பக்கத்து வாடிக்காரரிடம் கேட்டிருக்கிறார். அந்த மனிதருக்கு அது பிடிக்கவில்லை. "ஆள் இல்லாத நேரம் அவங்கட இடத்துல ஏறி நிண்டு போட்டோ புடிக்கிறதா? சரியில்ல மாஸ்டர். அவங்க வரட்டும்" என்றார். மாஸ்டருக்கும் அது நியாயமாகப் பட்டது, எனக்கும் பட்டது. அக்காவின் ஃபோல்டரில் அக்காதான் போட வேண்டும் என்பது நான் போட்ட சட்டமும் ஆயிற்றே. கரையில் அவருடைய மணலை விட்டுவைத்தது போல, கணினியிலும் அவருடைய ஃபோல்டரைத் திறந்து வெறுமையாக விட்டுவைத்தோம். என் திரையில் வரைபடத்தைத் திறந்தால் இரண்டு வாடிகளுக்கு நடுவில் அக்காவின் புள்ளி அழகாக இருந்தது. மாஸ்டரிடமும் ஒரு நாள் என் கணினியில்தான் காட்டினேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் அசர் தொழுதுவிட்டு வந்து, கடைசியாக ஒரு தரம் கிட்டிடம் கேட்டேன். சேர்க்க ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தம் என்று அது சொன்னது. அல்ஹம்துலில்லாஹ் என்று மூடி வைத்தேன். அவ்வளவு ஆறுதலாக நான் அந்தக் கணினியை ஒருநாளும் மூடியதில்லை.

கிட் வெறும் ஃபோல்டரைச் சேர்க்காது. இது இந்தத் தொழிலில் முதல் மாதத்திலேயே தெரியவருகிற விஷயம். அதற்கு ஃபைல்தான் கணக்கு. ஃபோல்டர் என்பது ஃபைலுக்குப் போகிற ஒரு வழி மட்டும், உள்ளே ஃபைல் இல்லாவிட்டால் அந்த வழியும் இல்லை. பெயர் சொல்லிச் சேர்த்தாலும் சேராது, கரைவலை போட்டாலும் சேராது. விடுபட்டது என்று ஒரு சொல்கூடச் சொல்லாது. எழுத்தே இல்லாத ஒரு ஃபைலை உள்ளே போட்டுவைத்தால் போதும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கும் தெரியும். கொழும்பு வேலையில் எத்தனையோ தரம் செய்திருக்கிறேன். தெரிந்த விஷயம் களைத்துப்போனவளுக்கு உதவவில்லை. என் கணினியில் ஃபோல்டர் இருந்ததால் புள்ளியும் இருந்தது, நான் நம்பிவிட்டேன்.

கூட்டம் சங்கக் கட்டடத்தில் நடந்தது. அக்கா விடியவே பஸ் ஏறி வந்திருந்தார். பூசைக்குப் போகிற மாதிரி நல்ல சேலை உடுத்தி, முன்வரிசைக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கன்னத்தைத் தடவிவிட்டு, "மெலிஞ்சி போயிட்டாய்" என்றார்.

குழுவில் பெரியவராக வந்த அதிகாரி பொல்லாத மனிதர் இல்லை. தமிழும் பேசினார். அவருக்கும் தூக்கம் போதாத முகம். காக்கா எழும்பி, தன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணினி பற்றி உரையாற்றினார். "சேர், இதுல ஒருத்தரும் கள்ள வேலை செய்யேலாது. எந்தப் படத்த யாரு எப்ப போட்டாங்க எண்டு இது வச்சிருக்கும். மனுசன் பொய் சொன்னாலும் இது சொல்லாது." நான் சொல்லிக் கொடுத்ததுதான். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவர்கள் தங்கள் கணினியில், எங்கள் பொது இடத்தில் இருந்து வரைபடத்தை இறக்கிச் சுவரில் காட்டினார்கள். ஒவ்வொரு வாடியாக அதிகாரி வாசிக்க, உரிய ஆள் எழும்பி ஓம் என்றார். படங்களைப் பார்த்தார்கள், பத்திரங்களைப் பார்த்தார்கள். எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. அக்காவின் பக்கத்து வாடி வந்தது. அடுத்தது என்று அவர் சொன்னபோது அக்காவுக்கு மறுபக்கத்து வாடி வந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. சுவரில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன்னுடையது பிறகு வரும் என்று நினைத்திருப்பார்.

"இந்த இடம் காலியா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சேர்! அது அக்காட இடம்" என்று பக்கத்து வாடிக்காரர் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள்.

"படத்துல இல்லையே. நாங்க போன கிழமை கரையையும் பாத்தம். அந்த இடத்துல ஒண்டும் இருக்கேல்ல."

நான் என் கணினியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். "சேர், இதுல இரிக்கு, பாருங்க. அங்க வராம விட்டது ஒரு சின்னப் பிசகு. இப்ப சரி செய்றன்." ஓர் எழுத்தும் இல்லாத ஃபைல் ஒன்றை அந்த ஃபோல்டருக்குள் போட்டேன், பெயர் சொல்லிச் சேர்த்தேன், அனுப்பினேன். சிக்னல் இழுத்து இழுத்துப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் திரும்ப இறக்கினார்கள். சுவரில் அக்காவின் புள்ளி வந்தது. பின்வரிசையில் யாரோ மாஷா அல்லாஹ் என்றார்கள்.

அதிகாரியின் உதவியாளர் புள்ளியைத் தொட்டார். உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு, காக்கா சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டிருந்த அந்த ஆள், யார் எப்போது சேர்த்தது என்று திறந்தார். மற்ற வாடிகளுக்கெல்லாம் பழைய திகதிகள். இதற்கு என் பெயரும் அன்றைய நாளும், சற்று முன் என்ற நேரமும்.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மிஸ், நீங்க பொய் செய்றீங்க எண்டு நான் சொல்லேல்ல" என்றார் அதிகாரி. "ஆனா நாங்க காலியா எண்டு கேட்ட பிறகுதான் இது வந்திருக்கு. நான் இத எப்படி எழுதுறது?"

அக்கா எழும்பினார். "மாத்தையா, நான் கலியாணம் முடிச்ச வருசத்துல இருந்து அந்த இடத்துக்குத்தான் வாறன். என்ட பிள்ளையள் அந்த மண்ணுலதான் நடை பழகினாங்க. இந்தா, இவங்கள்ட கேளுங்க."

எல்லோரும் சொன்னார்கள். காக்கா சொன்னார், மாஸ்டர் சொன்னார், பக்கத்து வாடிக்காரர் பள்ளிவாசல் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்தார். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டார். பிளேன்டீயைக் குடித்து முடித்தார். "நான் நம்புறன் அம்மா" என்றார். "நான் நம்பி என்ன செய்றது? மேல உள்ளவங்க கேக்கிறது பேப்பர்."

அந்தத் துண்டு பட்டக்காரர்களின் பக்கம் போனது. கல் நட்டார்கள். காக்கா மேல்முறையீடு என்று ஏறாத படி இல்லை. மாஸ்டர் என்னைக் கண்டால், "உங்கட பிழை இல்ல மிஸ்" என்பார். பக்கத்து வாடிக்காரர், அன்று படம் எடுக்க விட்டிருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டார். ஆளாளுக்கு என்னை ஆறுதல்படுத்த வந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. யாரும் கெட்டது நினைக்கவில்லை, எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்தோம், அதனாலேயே அக்காவின் இடம் போனது. இதை யாரிடம் போய்க் கோபிப்பது என்று தெரியாமல் நான் அந்த மாதம் முழுக்கப் பிள்ளைகளைக் கோபித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரைபடத்தை நான் அழிக்கவில்லை. அக்காவின் ஃபோல்டருக்குள் அவர் பெயர், புருஷன் பெயர், எத்தனை காலமாக வருகிறார்கள் என்று பக்கத்து வாடிக்காரர்கள் குரலில் சொன்னது, கரையின் படம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்தேன். இன்றைக்கு அந்த வரைபடத்திலேயே நிறைந்த ஃபோல்டர் அதுதான். புள்ளி பழைய இடத்திலேயே இருக்கிறது.

காற்று அடங்கியது, லொறி வந்தது. அக்காவின் மகன்மார் கல்லுக்கு வெளியே, வாடி வரிசைக்கெல்லாம் பின்னால், ரோட்டோரத் தாழைப் பற்றைக்குப் பக்கத்தில் கம்பு நட்டார்கள். காலையில் படகு கரை சேர்ந்ததும் மீனைக் கரையில் இருந்து அங்கே சுமந்து வர வேண்டும். ஒரு நாள் உம்மாவுக்குக் கருவாடு வாங்கப் போனபோது, தலையில் கூடையோடு அக்கா சுடுமணலில் வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டு நின்றார். கூடையை இறக்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வியர்வையைத் துடைத்தார்.

"தங்கச்சி, உன்ட கம்பியூட்டர்ல நான் இப்ப இரிக்கனா?"

"ஓம் அக்கா. இரிக்கிறீங்க."

"கடலுக்குக் கிட்டத்தானே?"

"ஓம்" என்றேன். "கிட்டத்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார்.